கேட்டில் செக்யூரிட்டி... நெட்டில் யார்?

காலை ஆறு மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வண்டலூர் பக்கமிருந்தும் வாலாஜாபாத் பக்கமிருந்தும் சிங்கப்பெருமாள்கோவில் பக்கமிருந்தும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் வந்தபடி இருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் சிவந்த கண்ணோடு இறங்குவார்கள். காலை ஷிஃப்ட்காரர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறுவார்கள். இவர்களுக்கு நடுவே தினமும் சில பேர் தோளில் பையோடு நாலா பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கழுத்தில் அட்டை கிடையாது. கையில் செல்போன் மட்டும் இருக்கும்.

அப்படி ஒரு பையனை அங்கே ஒரு டீக்கடையில் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தவன். "சார், இந்தக் கம்பெனிக்கு எந்த பஸ்ல போகணும்?" என்று போனை நீட்டினான்.

அதில் ஒரு வெப்சைட். பெயர் கேட்டாலே தெரிகிற ஒரு கம்பெனியின் லோகோ. 'நேரடி நியமனம். தங்குமிடம், சாப்பாடு இலவசம்.' கீழே ஒரு பாரம். பையன் பாரத்தை நிரப்பியிருக்கிறான். ஒரு பெண் குரல் அன்பாகப் பேசியிருக்கிறது. 'யூனிஃபார்ம் மற்றும் பதிவுக் கட்டணம்' என்று 2,500 ரூபாயை போனிலேயே அனுப்பியிருக்கிறான். முத்திரையோடு ஒரு கடிதமும் வந்துவிட்டது. 'திங்கட்கிழமை காலை கேட்டில் ரிப்போர்ட் செய்யவும்.'

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வந்துட்டாம்பா இன்னொருத்தன்" என்பது அதற்கு அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்தது. "எப்படிப்பா நம்புனே?" என்றேன்.

"கூகுள்ல மொதல்ல வந்துச்சு சார்."

இந்த ஒரு வரியைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன்.

*

ஏமாற்றியவன் திருடன். அதில் சந்தேகமில்லை. அவனைப் பிடிக்க போலீஸ் இருக்கிறது, 1930 என்ற இலவச எண் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் இரண்டாவதாக ஒரு குற்றவாளி இருக்கிறார். அவர் நல்லவர். கௌரவமானவர். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஆலையில் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்கெட் கொடுப்பவர். அவர் யாரென்றால், அந்த உண்மையான கம்பெனி.

அந்த டீக்கடையிலேயே என் போனில் அந்தக் கம்பெனியின் பெயரையும் 'வேலை' என்ற வார்த்தையையும் தட்டிப் பார்த்தேன். கம்பெனியின் சொந்தத் தளம் எங்கேயோ கீழே கிடந்தது. திறக்கவே ஒரு யுகம் ஆனது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கை குலுக்கிக்கொள்ளும் படம் வந்தது. 'உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தி' என்று ஆங்கிலத்தில் நாலு வரி. 'வேலைவாய்ப்பு' என்ற பொத்தானை அழுத்தினேன். 'விரைவில்' என்று வந்தது. பக்கத்தின் அடியில் போட்டிருந்த வருடம் 2016.

கேட்டைப் பாருங்கள். இரண்டு செக்யூரிட்டி, பூம் பேரியர், வருகைப் பதிவேடு, வண்டிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்க்கிற சோதனை. என் செல்போன் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே அனுப்புவார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி நெட்டில் எவன் வேண்டுமானாலும் கடை போடலாம். கேட்பார் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்காரர்களுக்கு நான் மனைக் கணக்கு சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டா உங்கள் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. வேலி போட்டு, போர்டு வைத்து, மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் போய்ப் பார்க்கும்போது வேறு ஒருவர் குடிசை போட்டு, கரண்ட் கனெக்‌ஷனும் வாங்கியிருப்பார். நெட்டில் உங்கள் பெயரும் ஒரு மனைதான். நீங்கள் எழுதாமல் காலியாக விட்ட இடத்தில், உங்கள் பெயரால் வேறு ஒருவன் எழுதுவான்.

*

"வெப்சைட்டுக்குத்தான் வருஷா வருஷம் பணம் கட்டறோமே சார். எஸ்.இ.ஓ. கூட பண்றோம்" என்று சில முதலாளிகள் சொல்வார்கள்.

எஸ்.இ.ஓ. என்பது தேடலில் உங்கள் தளத்தை மேலே கொண்டுவரும் தொழில். அதில் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு வரும் ஈமெயில் எப்படி இருக்கிறது? 'முப்பதே நாளில் முதல் பக்கம். கியாரண்டி!' கல்யாணத்துக்கு முன்பே ஆண் குழந்தை கியாரண்டி என்று ஜோசியர் சொன்னால் நம்புவீர்களா? முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. நல்ல வேலைக்குப் பலன் தெரியவே பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றும் அதே கூகுள் சொல்கிறது. கடைக்காரரே கியாரண்டி இல்லை என்கிறார். வாசலில் நிற்கிற புரோக்கர் கியாரண்டி தருகிறார். நீங்கள் புரோக்கரிடம் செக் கொடுக்கிறீர்கள்.

அந்தப் பணத்துக்கு அவர் என்ன செய்கிறார்? அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1998 செப்டம்பரில் இரண்டு விஷயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாயின் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் கூகுள் என்று ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய யோசனை நம் ஊரில் மாப்பிள்ளை விசாரிக்கிற யோசனைதான். மாப்பிள்ளை தன்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதை யார் கேட்கிறார்கள்? அவனைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றுதான் கேட்போம். அதிலும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் சொல்வதைவிட ஊர் ஹெட்மாஸ்டர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். ஒரு தளத்துக்கு எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன, அப்படிக் கொடுத்த தளங்களின் யோக்கியதை என்ன என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். 'பேஜ் ரேங்க்' என்று பெயர்.

நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னால் பெண் கிடைக்கும் என்று தெரிந்தவுடன் என்ன நடக்கும்? நாலு பேருக்குக் காசு கொடுத்துச் சொல்ல வைப்பார்கள். அதுவே நடந்தது. இணைப்பு விற்கிற சந்தை உருவானது. உங்கள் முப்பது நாள் வைத்தியர் செய்வதும் அதுதான். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஐந்நூறு தளங்களில் உங்கள் கம்பெனியின் பெயரைச் செருகுவார். அங்கே பக்கத்திலேயே சூதாட்ட விளம்பரம் இருக்கும். நாற்பது வருடம் சம்பாதித்த நல்ல பெயரை அந்தச் சந்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

பிடிபட மாட்டோம் என்று நினைக்காதீர்கள். பெரிய கைகளே மாட்டியிருக்கின்றன.

2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் தன் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. தேடுபொறிக்குக் காட்ட ஒரு பக்கம், மனிதர்களுக்குக் காட்ட வேறு பக்கம் என்று வைத்திருந்தார்கள். தேடுபொறிக்கான பக்கத்தில் 'பழைய கார்' என்ற ஜெர்மன் வார்த்தையைத் திரும்பத் திரும்பத் திணித்திருந்தார்கள். அந்தப் பக்கங்களை எடுத்த பிறகுதான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வருடம், 2007-ல், அதே பி.எம்.டபிள்யூ. ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே, செங்கல்பட்டு போகிற வழியில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் கார் ஆலை திறந்தது. அந்த ஆலையில் இப்படி ஆளுக்கு ஏற்ற மாதிரி இரண்டு கார் காட்டினால் விடுவார்களா?

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி ஜவுளிக் கடையின் கதையை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பண்டிகைக் காலத்தில் எதைத் தேடினாலும் முதலில் வந்த கடை அது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் காசு கொடுத்து வைத்த இணைப்புகள்தான் காரணம். குட்டு உடைந்ததும் கூகுள் தண்டனை கொடுத்தது. முதல் இடத்தில் இருந்தவர்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனார்கள். 'எங்களுக்குத் தெரியாது, ஏஜென்சி செய்தது' என்றது நிர்வாகம். ஏஜென்சியை வேலையிலிருந்து நீக்கியது. பெயர் கெட்டது ஏஜென்சிக்கா, கடைக்கா?

அந்த மாதத்திலேயே 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. சரக்கில்லாத பக்கங்கள் அடிவாங்கின. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்'. காசு கொடுத்த இணைப்புகள் அடிவாங்கின. 2024 மார்ச்சில் இன்னும் மூன்று தந்திரங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான பக்கங்களை மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்து கொட்டுவது ஒன்று. செத்துப்போன பழைய தள முகவரியை வாங்கி அதன் நல்ல பெயரில் குளிர்காய்வது இரண்டு. நல்ல பெயருள்ள தளம் தன் பக்கங்களை மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுவது மூன்று.

அந்த இரண்டாவதைக் கவனியுங்கள். போன கம்ப்யூட்டர் ஆள் வேலையை விட்டுப் போகும்போது தள முகவரியைப் புதுப்பிக்காமல் போனானே, ஞாபகம் இருக்கிறதா? அந்த முகவரி இன்று யார் கையில்?

*

இப்போது நான் உங்களை ஒரு விஷயத்துக்காகப் பாராட்ட வேண்டும். நம்பிக்கை என்றால் என்ன என்று இந்தியாவிலேயே நன்றாகத் தெரிந்த ஆட்களில் நீங்களும் உண்டு.

ஒரகடத்தில் ஒரு சின்ன யூனிட் ரப்பர் புஷ் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு கார் கம்பெனி வாங்க வேண்டுமானால் என்ன பாடு! ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் கேட்பார்கள். பி.பி.ஏ.பி. ஃபைல் கேட்பார்கள். டிராயிங், அளவுகள், மூலப்பொருள் சான்று, சோதனை ரிப்போர்ட் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆடிட்டர் வந்து மெஷின் மெஷினாகப் பார்ப்பார். ஒவ்வொரு லாட்டுக்கும் எண். மூன்று வருடம் கழித்து ஒரு புஷ் கிழிந்தால், எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த மோல்டு என்று பின்னாலேயே போய்ப் பிடித்துவிடலாம்.

அப்படிப்பட்ட நீங்கள் உங்கள் வெப்சைட்டில் என்ன செய்கிறீர்கள்? எழுதியது யார், தெரியாது. எப்போது எழுதியது, தெரியாது. படம் யாருடைய ஆலை, தெரியாது. இன்னொரு கம்பெனியின் தளத்திலிருந்து அப்படியே எடுத்த வரிகள். அதில் பழைய கம்பெனியின் பெயரை மாற்றாமல் விட்ட தளத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே அனுப்பாதவர்கள், தங்கள் பெயரையே சோதனை செய்யாமல் உலகத்துக்கு அனுப்புகிறீர்கள்.

தேடல் முடிவுகளின் தரத்தைச் சோதிக்கும் ஆட்களுக்குக் கூகுள் ஒரு கையேடு கொடுத்திருக்கிறது. அனுபவம், நிபுணத்துவம், மதிப்பு, நம்பகம் என்று நாலு விஷயம் பார்க்கச் சொல்கிறது. 'அனுபவம்' 2022 டிசம்பரில் சேர்ந்தது. நாலில் முக்கியமானது நம்பகம் என்று கையேடே சொல்கிறது. ஒருவருடைய பணத்தையும் உடம்பையும் பாதிக்கிற விஷயமென்றால் இன்னும் கறாராகப் பார்க்கச் சொல்கிறது. இதெல்லாம் உங்கள் ஆடிட்டர் கேட்கிற கேள்விகள்தான். ஆள் யார்? செய்து பார்த்தவரா? தப்பு வந்தால் யாரைக் கேட்பது?

உங்கள் ரப்பர் புஷ்ஷைப் பற்றி உங்கள் ஷாப் ஃப்ளோரில் இருபது வருடமாக நிற்கும் சூப்பர்வைசருக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்? எந்த வெயிலில் எது வெடிக்கும், எந்த அளவுக்கு மேல் போனால் சத்தம் வரும் என்று அவர் சொல்ல, ஒருவர் எழுதி, அவர் பெயரையும் போட்டால் அதுதான் 'அனுபவம்'. சூப்பர்வைசரைக் கேட்காமல், வடபழனியில் உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்துக் கம்பெனிக்கு எழுதுகிற பையனைக் கேட்கிறீர்கள். இப்போது அவனும் இல்லை. ஏ.ஐ.யிடம் சொன்னால் ஒரே ராத்திரியில் ஆயிரம் பக்கம் கொட்டுகிறது. ஆயிரம் பக்கத்திலும் உங்கள் மெஷின் ஒன்றுகூட இல்லை.

"எங்களுக்கு ஆர்டரெல்லாம் தெரிஞ்சவங்க மூலமாத்தான் சார் வருது. நெட் எதுக்கு?"

நோக்கியாவை மறந்துவிட்டீர்களா? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஒரு வாடிக்கையாளரை நம்பியிருந்தவர்களும் கூடவே வந்தார்கள். மறைமலைநகரில் 2021 செப்டம்பரில் ஃபோர்டு, கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதும் அதே கலக்கம். தெரிந்தவர் போய்விட்டால், தெரியாதவர்தான் உங்களைத் தேடி வர வேண்டும். புனேயிலோ குர்கானிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் நெட்டில் தட்டுகிறார். அவருக்குக் கிடைப்பது கை குலுக்கும் வெள்ளைக்காரர் படம்.

*

ஆர்டர் போனால் உங்கள் நஷ்டம். தகவல் இல்லாமல் போனால் யாருடைய நஷ்டம்?

2021 டிசம்பரில் பூந்தமல்லியில் ஒரு விடுதி. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 250 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் 'இறந்துவிட்டார்கள்' என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஓடியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை என்று அதிகாரிகள் வந்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

வதந்தி பரப்பியவர்களைத் திட்டுங்கள். நானும் திட்டுகிறேன். ஆனால் அந்தப் பெண்கள் கையில் போன் இருந்தது. உண்மை எது என்று தேட முடியும். தேடினால் கிடைக்கிற இடத்தில், அவர்களுடைய பாஷையில், அவர்கள் நம்புகிற ஒரு பக்கம் இருந்திருந்தால்? விடுதிச் சாப்பாடு அதனால் நல்லதாகியிருக்காது. அந்தக் கோபம் நியாயமானது, அது சாலைக்கு வந்ததும் நியாயம். ஆனால் செத்துப்போனாளோ என்று ஒரு ராத்திரி முழுக்க அழ வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளத்தில் அழகாக எழுதிவிட்டால் நம்பிக்கை வந்துவிடாது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. அதே ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள், ஆள் எடுக்கும் ஏஜென்சிகளின் விளம்பரத்திலேயே அந்த நிபந்தனை இருக்கிறது என்று. கம்பெனியின் நடத்தை விதிகளோ திருமணத்தை வைத்துப் பாகுபாடு கூடாது என்கின்றன. பாகுபாடு காட்டவில்லை என்று கம்பெனி மறுத்தது. பிறகு 2024 நவம்பரில், வயது, பாலினம், திருமணம் பற்றிய நிபந்தனைகளை விளம்பரத்திலிருந்து எடுக்கும்படி ஏஜென்சிகளுக்குக் கம்பெனி சொல்லிவிட்டதாக அதே ராய்ட்டர்ஸ் எழுதியது.

இதில் பாடம் என்ன? கம்பெனியின் விதி ஒரு பக்கம், ஏஜென்ட்டின் நோட்டீஸ் இன்னொரு பக்கம் என்று இருந்தால், வேலை தேடும் பெண் கையில் வந்து சேர்வது நோட்டீஸ்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

*

"சரி சார், என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

சொல்கிறேன். எதுவும் ரகசியம் இல்லை.

முதலில் சட்டம். கம்பெனிகள் பதிவு விதிகள் 2014-ல் 26-ஆவது விதியைப் படியுங்கள். வெப்சைட் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும் அதன் முகப்புப் பக்கத்திலேயே பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனியின் அடையாள எண், தொலைபேசி, ஈமெயில், புகார் என்றால் யாரைக் கேட்பது என்ற பெயர் எல்லாம் போட வேண்டும். நான் சொல்லும் நல்ல யோசனை என்று நினைத்துவிடாதீர்கள், சட்டம் சொல்கிறது. உங்கள் முகப்புப் பக்கத்தை இப்போதே திறந்து பாருங்கள். இருக்கிறதா?

இரண்டாவது, தள முகவரி கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கட்டும். வெப் டிசைனரின் பெயரில் இருந்தால், வீட்டுப் பத்திரத்தை மேஸ்திரி பெயரில் எழுதிய கதை.

மூன்றாவது, வேலைக்கு ஒரு தனிப் பக்கம். தமிழில். வடக்கிலிருந்து ஆள் எடுத்தால் இந்தியிலும் ஒடியாவிலும்கூட. என்ன வேலை, என்ன படிப்பு, கையில் எவ்வளவு வரும், நிரந்தரமா கான்ட்ராக்டா, கடைசித் தேதி என்ன என்று எழுதுங்கள். உங்களுக்காக ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர்கள் யார் யார் என்று பட்டியல் போடுங்கள். 'எந்தக் கட்டத்திலும் பணம் வாங்க மாட்டோம்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஆள் எடுக்கவில்லையா? 'இந்த மாதம் ஆள் எடுக்கவில்லை' என்று தேதியோடு போடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் திருவண்ணாமலைப் பையன் பஸ் ஏறியிருக்க மாட்டான். வேலை அறிவிப்பைத் தேடுபொறிக்குப் புரிகிற வடிவத்தில் குறிக்க 'ஜாப் போஸ்டிங்' என்று ஒரு முறை இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒரு மணி நேர வேலை.

நாலாவது, உங்கள் ஆலையின் படம், உங்கள் ஆட்கள், உங்கள் மெஷின் பட்டியல். செல்போனில் இரண்டரை வினாடிக்குள் முக்கியமான விஷயம் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. சுழலும் பொம்மைகளை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஐந்தாவது, நல்ல வார்த்தையை விலைக்கு வாங்காதீர்கள், கேட்டு வாங்குங்கள். உங்களிடம் மாணவர்களை அனுப்பும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில் சங்கம், உங்கள் வாடிக்கையாளர். இவர்கள் தங்கள் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால், அது ஹெட்மாஸ்டர் சொன்ன வார்த்தை.

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. தனியார் வேலைக்கென்று 2020-ல் தமிழக அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். சிப்காட் 1971-லிருந்து தொழிற்பேட்டை அமைத்து வருகிறது. ஒரகடத்தில், வல்லம் வடகாலில், இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஒவ்வொரு ஆலையின் உண்மையான தள முகவரி இது என்று தமிழில் ஒரு பக்கம், 'ஒரகடம் வேலை' என்று தேடுகிறவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி வைக்க என்ன தடை? அரசுத் தளத்தின் ஒரு இணைப்பு, ஆயிரம் போலித் தளத்துக்குச் சமம்.

வேலை தேடும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கு மூன்று வார்த்தை. முதலில் வந்தது என்பது உண்மை என்பதற்குச் சாட்சி ஆகாது. முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படம், நடுவழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யோக்கியன் என்று சொல்லவில்லை. வேலை கொடுக்கிறவன் பணம் கொடுப்பான், கேட்க மாட்டான்.

*

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். மிகவும் சிரமப்பட்டுத் தெரிந்துகொண்ட மந்திரத்தை, யாருக்கும் சொல்லாதே என்று குரு சொல்லியும், திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னவர். ஊர் மக்கள் பிழைத்தால் போதும், நான் நரகத்துக்குப் போகத் தயார் என்று நினைத்தவர் என்பது கதை.

அவர் பிறந்த ஊரில் இன்று முதல் பக்கத்துக்கு வர ரகசியம் விற்கிறார்கள். ரகசியம் ஒன்றும் கிடையாது. உங்களிடம் இருக்கும் உண்மையை, தேவைப்படுகிறவனுக்குப் புரிகிற பாஷையில், உங்கள் பெயரையும் முகவரியையும் போட்டு, உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்டிலும் நடத்திக் காட்ட வேண்டும். தேடுபொறி கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடிக்கலாம். சில சமயம் திருடனை உங்களுக்கு மேலே உட்கார வைத்தும் விடலாம். அதற்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டால், மேடை முழுக்க அவனுக்கு.

அந்தப் பையனின் 2,500 ரூபாய் திரும்ப வரவில்லை. டீக்குக் காசு கொடுக்க வந்தபோது கடைக்காரர் வாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

நாளைக் காலை ஆறு மணிக்கு அதே கூட்டுரோட்டில் இன்னொருவன் இறங்குவான். இன்று ராத்திரி அவன் தன் ஊரில் உட்கார்ந்து உங்கள் கம்பெனியின் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

உங்களுக்கு முன்னால் யார் பதில் சொல்லப் போகிறார்கள்?